கொழும்பு என்றுதான் சொன்னாய்

இன்று காலை ஒரு கொத்தனார் கடைக்கு வந்து இரும்பு டேப் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நாலடி வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை விட்டார். மஞ்சள் பட்டை சடக்கென்று உள்ளே ஓடி அடங்கியது. ஹார்டுவேர் கடையில் ஒரு நாளைக்கு இருபது முறை கேட்கிற சத்தம்தான். ஆனாலும் இன்று, பில் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

நீ முதன்முதலில் கடைக்கு வந்தபோதும் டேப்தான் கேட்டாய். மூன்று மீட்டர் டேப் இரண்டு, பிவிசி குழாய் ஒரு துண்டு, ஓஸ் கிளிப் ஒரு டஜன். வாங்கியதோடு போகவில்லை. தகரம் வெட்டும் கத்திரியை இரவல் கேட்டு, கவுண்டரிலேயே வைத்து அந்தப் புத்தம்புது டேப்பைத் துண்டு போட ஆரம்பித்தாய்.

"யக்கா, அது அளக்கதுக்கு உள்ளதுக்கா," என்றேன் பதறிப்போய்.

"அளந்துதான் வெட்டுதேன்," என்றாய். தலையை நிமிர்த்தவில்லை.

வெட்டிய பட்டைகளைக் குழாயில் குறுக்காக வைத்து, கிளிப் போட்டு முடுக்கினாய். அரை மணி நேரத்தில் மீன்முள் போல ஒன்று உருவாகியிருந்தது. எதற்கு என்று கேட்டேன். "மேல ஒண்ணு சுத்திக்கிட்டு வருது. அதுகூடப் பேச," என்றாய். மூளை பிசகிய கேஸ் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே நீ வந்து, "அஞ்சே முக்காலுக்கு வருது. வந்து பாரு, பொறவு சிரி," என்று கூப்பிட்டபோது கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு உன் பின்னால் நடந்தேன். அது இன்றுவரை எனக்கே ஆச்சரியம்.

அப்போது நீ கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாய். மணப்பாட்டுக்காரி, கப்பல்காரர் மகள், கண்டெய்னர் யார்டில் பெட்டி எண் சரிபார்க்கும் வேலை. பகலெல்லாம் வெயிலில் வாக்கிடாக்கியோடு நிற்பவள், சாயங்காலமும் மொட்டைமாடியில் ஏறி இன்னொரு வாக்கிடாக்கியோடு நின்றாய். இடது கையில் அந்த மீன்முள் ஆண்டெனா, வலது கையில் உள்ளங்கை அகலப் பெட்டி. முதலில் வெறும் இரைச்சல், தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி. தெற்கே கடலுக்கு மேல் மீன்முள்ளை நீட்டி மெதுவாகத் திருப்பினாய். இரைச்சல் சட்டென்று வற்றியது. அதற்குள்ளிருந்து ஓர் ஆள் பேசினான். பிறகு வேறொருவன். பிறகு நீ.

ஹாம் ரேடியோவுக்காக அரசாங்கம் உனக்குக் கொடுத்த அழைப்புக்குறியை, எழுத்தும் எண்ணுமாக, ஒவ்வொன்றாக உச்சரித்தாய். ஊருக்கு அடையாளமாக உலக வரைபடத்தின் கட்டத்தைச் சொன்னாய். எம் ஜே தொண்ணூற்றெட்டு. தூத்துக்குடிக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நம் தலைக்கு மேல் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில், ஒரு பிஸ்கட் டின் அளவுள்ள துணைக்கோள் உன் குரலை வாங்கி ஆந்திராவுக்கும் மாலத்தீவுக்கும் இறக்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் வடக்கே போய் மறைந்தது.

"இதுக்கா இவ்வளவு பாடு? செல்போன்ல பேசுனா ஆச்சு," என்றேன்.

"செல்போன்ல கம்பெனி பேச விடுது, நீ பேசுத. இங்கன நானே பேசுதேன்."

ஒரு வார்த்தை நானும் பேசட்டுமா என்று கை நீட்டினேன். பெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாய். "லைசென்ஸ் எடு. பொறவு பேசு." அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு பேரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் என்று தெரிந்ததும் 'யக்கா' போய் 'ஏளா' வந்தது. கோபமும் போனது.

தெருவில் பேச்சு கிளம்பியதை நீ பொருட்படுத்தவில்லை. தனியாக இருக்கும் பொம்பளை, கல்யாணம் வேண்டாம் என்றவள், மாடியில் நின்று கடலைப் பார்த்து இங்கிலீஷில் பேசுகிறாள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. நம் கரையில் சந்தேகப்பட அது போதும். ஒரு நாள் நாம் இரண்டு பேரும் மாடியில் நிற்கும்போதே கீழே ஜீப் வந்து நின்றது. யாரோ புகார் கொடுத்திருந்தார்கள்.

ஸ்டேஷனில் நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நீ லைசென்சை மேசைமேல் விரித்து வைத்து, இன்ஸ்பெக்டர் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாய். அவர் வெளியூர்க்காரர், மாற்றலாகி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

"பேப்பர் சரியாத்தாம்மா இருக்கு. ஆனா நிஜமா யார்கிட்ட பேசுறீங்க?"

"அது எனக்கே தெரியாது சார். யாரு பதில் சொல்லுதாங்களோ அவங்ககிட்ட. இன்னும் இருபது நிமிசத்துல வேற ஒண்ணு வருது. வெளிய வாங்க, காட்டுதேன்."

அவர் சிரித்தார். ஆனால் வந்தார். முற்றத்தில் பிடித்துவைத்திருந்த பைக்குகளுக்கு நடுவில் கிடந்த கொஞ்ச இடத்தில் நீ நின்றாய். சுற்றிலும் போலீஸ்காரர்கள். இரைச்சல் வற்றியது. நீ அழைப்புக்குறியைச் சொன்னாய். உடனே பதில் வந்தது. ஆளின் அழைப்புக்குறி நாலில் ஆரம்பித்தது. அதற்குள் அந்த அளவு எனக்குப் பாடம் ஆகியிருந்தது, அது இலங்கை. உன் இடுப்பைக் கிள்ளினேன். பேசாதே, அணைத்துவிடு என்று அர்த்தம். நீ என் கையைத் தட்டிவிட்டு, எந்த நாளும் பேசுகிற அதே குரலில் பதில் சொன்னாய். நன்றி சொல்லி முடித்தாய்.

"எந்த ஊர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கேரளா என்று சொல்லியிருக்கலாம். அங்கே நின்ற யாருக்கும் தெரிந்திருக்காது.

"கொழும்பு," என்றாய்.

இன்ஸ்பெக்டர் ஓரடி முன்னால் வந்தார்.

"என்ன சொன்னான்?"

"நான் பேசுறது தெளிவாக் கேக்குதுன்னாரு. நானும் அதையே சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். போதாதா?"

அவர் நம்மை மறுபடி உள்ளே கூட்டிப்போனார். பிறகு லைசென்சுக்கு ஒரு நகல் வாங்கிக்கொண்டு, எழுத்தரிடம் ஏதோ சொல்லி எழுதவைத்து, நம்மை அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் உன்னை அடிக்காத குறைதான். "கேரளான்னு சொன்னா வாய் வெந்துருமாளா?" என்று கத்தினேன். நீ நடந்துகொண்டே சொன்னாய்: "ஒரு தடவ பயந்து பொய் சொல்லிட்டா, பொறவு மாடியில ஏறி நிக்க முடியாதுளா."

அந்த வார்த்தைக்கு விலை இருந்தது. ஜீப் வந்த வீடு என்று சொல்லி வீட்டுச் சொந்தக்காரர் உன்னைக் காலி பண்ணச் சொன்னார். கடைக்கு மேலே இருந்த இரண்டு அறையை ஒழித்து உனக்குக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கினார். "ஊரு என்ன சொல்லும்?" என்றார். "ஊரு சிமெண்டு வாங்க இங்கனதான வரணும்," என்றேன். அப்படிப் பேசுகிறவளாக நான் எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. உன்னோடு ஸ்டேஷன் வாசல் ஏறி இறங்கியதில்தான் என்று நினைக்கிறேன்.

நாம் பழகிய மூன்றாவது வருடம் உன் மார்பில் கட்டி வந்தது. மதுரையில் அறுவை முடிந்து திரும்பினாய். இடது அக்குளிலும் சதையை எடுத்திருந்தார்கள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, அந்தக் கையில் கனம் பிடிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று நான் உள்ளுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன், இனி மாடி இல்லை என்று. நீ சூப் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாய்: "ஏளா, ஒனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு?"

அப்படித்தான் நான் உன் இடது கையானேன். நீ பேசினாய், நான் பிடித்தேன். எவ்வளவு திட்டு வாங்கியிருப்பேன்! "வடக்க... இன்னும் வடக்க... தூக்குளா, எங்க பாக்க, காக்காயவா? போச்சு, விட்டுட்ட!" கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் பாதையை, காதில் இரைச்சல் ஏறி இறங்குவதை வைத்தே தொடரக் கற்றேன். மணிக்கட்டை எப்போது திருப்புவது, எப்போது அசையாமல் நிற்பது என்று தோளுக்குத் தெரிந்துபோனது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சீக்காளி படுத்திருக்க வேண்டாமா, செபம் பண்ண வேண்டாமா என்றார்கள். "செபம் காலையில. சாயங்காலம் இது," என்றாய்.

புற்று எலும்புக்குப் பரவிவிட்டது என்று தெரிந்த பிறகும் நீ நிறுத்தவில்லை. கடைசி மாதத்தில் உன்னால் படி ஏற முடியவில்லை. கடையில் மூட்டை தூக்கும் இரண்டு பேரைக் கூப்பிடச் சொன்னாய். "சிமெண்டு மூட்டைய விட லேசாத்தான் இருக்கேன். தூக்குங்க அண்ணாச்சி," என்றாய். பிளாஸ்டிக் நாற்காலியோடு உன்னைத் தூக்கி மாடியில் வைத்தார்கள். மாலத்தீவிலிருந்து ஒருவர், குரல் மெலிந்திருக்கிறதே, நலமா என்று கேட்டார். நலம் என்று ஒரே சொல்லில் முடித்து அடுத்த ஆளுக்கு வழிவிட்டாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மொத்தமே பத்து நிமிசம். எத்தன பேரு காத்துக்கிட்டு நிக்கான். என் சீக்க வச்சு வழிய அடைக்கவா?"

பதினொரு நாள் கழித்து உன்னை மணப்பாட்டு மணலில் வைத்துவிட்டு வந்தோம்.

நீ என்னையும் சேர்த்துவிட்டிருந்த வானொலிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டிருந்தார்கள். இறந்தவர்களை அவர்கள் 'சைலன்ட் கீ' என்று சொல்வார்களாம், மௌனமாகிவிட்ட விசை. உன் அழைப்புக்குறிக்குப் பக்கத்தில் அதை எழுதி, பூ வைத்திருந்தார்கள். மரியாதைக்குத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியும். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மௌனமா? நீயா? ஸ்டேஷன் முற்றத்தில் நின்று கொழும்பு என்று சொன்னவளா? போனில் இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுதினேன்: "அவள் ஒரு நாளும் மௌனமாக இருந்ததில்லை. வேறு சொல் இருந்தால் போடுங்கள்." யாரும் பதில் போடவில்லை. போடாவிட்டால் போகட்டும்.

லைசென்ஸ் இல்லாமல் உன் பெட்டியை நான் வைத்திருக்கக் கூடாது. உன் அக்கா அதை விற்றுவிடலாம் என்றாள். "இத வச்சுக்கிட்டு நீ என்ன செய்வ?" என்றாள். நான் அதை நாசரேத்தில் இருக்கும் உன் வானொலி நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "நான் லைசென்ஸோட வந்து வாங்கிக்கிடுதேன், அதுவரைக்கும் பூட்டி வைங்க," என்றேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். கவுண்டருக்குக் கீழே புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஆணி நிறுத்துக் கொடுப்பதற்கு இடையில் மின்தடையும் அலைநீளமும் படித்தேன். தேர்வு நடந்த இடத்தில் எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். வாசலில் இருந்தவர், "யாரைக் கூட்டிட்டு வந்தீங்கம்மா?" என்றார். "என்னயத்தான்," என்றேன். அந்த முறை தோற்றேன். அடுத்த முறையும் அதே வாசல், அதே ஆள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தேறினேன்.

லைசென்சுக்காக விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கடையில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். உனக்கு வந்திருக்கும் கோபம் எனக்கு வந்தது. ஆனால் சத்தம் போடாமல், "பிடிச்சிருக்கு. அதான் காரணம். அப்படியே எழுதிக்கோங்க," என்றேன். எழுதினாரா தெரியாது. பல மாதம் கழித்து என் பெயருக்கு லைசென்ஸ் வந்தது. அன்றே நாசரேத்துக்குப் பஸ் ஏறினேன்.

நீ எனக்கு விட்டுப்போனது அந்தப் பெட்டி என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்கும். பிடித்த ஒன்றைச் செய்ய யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்பதைத்தான் நான் உன்னிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். ஐம்பது வயது வரைக்கும் எனக்கு அது தெரியாது. கடைக்கும் மாமியாருக்கும் ஊருக்கும் பதில் சொல்லியே நாள் போயிருந்தது.

போன வாரம் உன் இரண்டாம் வருடப் பூசைக்கு மணப்பாடு வந்தேன். பூசை முடிந்து எல்லாரும் திருச்சிலுவைக் கோயில் மேட்டிலிருந்து இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. பையைத் திறந்து ஆண்டெனாவை மாட்டினேன். உன் அக்கா திரும்பி வந்தாள். "இன்னைக்குமா? இன்னைக்கு ஒரு நாளாவது சும்மா இருக்கக் கூடாதா?"

"சும்மா இருக்கத் தெரியாதவளுக்குத்தான பூசை வச்சோம்?" என்றேன்.

அவள் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

பிடிப்பது, பேசுவது என்று இரண்டு வேலையையும் ஒருத்தியே செய்வது கஷ்டம். கடற்காற்று ஆண்டெனாவைப் பிடுங்கியது. முதல் இரண்டு அழைப்புக்கும் பதில் இல்லை. மூன்றாவதில் ஒரு பெண் குரல், பெங்களூரிலிருந்து. புது அழைப்புக்குறியாக இருக்கிறதே, யார் என்று கேட்டாள். என் பெயரைச் சொன்னேன். செல்வி. கடலைப் பார்த்து அவ்வளவு சத்தமாக என் பெயரை நான் சொன்னதே இல்லை. பிறகு ஆந்திராவிலிருந்து ஒருவர், கேரளாவிலிருந்து ஒருவர். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது ஆள் கூப்பிடும்போதே குரல் உடைந்து இரைச்சல் மூடிவிட்டது.

"முடிஞ்சுதா?" என்றாள் உன் அக்கா, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே.

"இது முடிஞ்சுது. அடுத்தது ஒண்ணர மணி நேரத்துல வருது," என்றேன். "சாப்பாட்டுக்கு எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். நீங்க சாப்பிடுங்க."