அப்பா உளி அடித்துக் காட்டிய நாள்

தெமோதரை
சித்தார்த்தி வருஷம் கார்த்திகை மாதம் 12ந் தேதி

சிரஞ்சீவி மகன் வைரவநாதனுக்கு அம்மா எழுதுறது. முருகன் புண்ணியத்தில் நானும் உங்க அப்பாவும் நோய்நொடி இல்லாம இருக்கோம், ரங்கூனில் நீயும் அப்படியே இருக்கணும்னு தினமும் கும்பிடுறேன். பசறைத் தோட்டத்தில் உன் தங்கச்சி கனகத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கு, தாயும் பிள்ளையும் சுகம், மூக்கு அப்படியே உன் மூக்கு. இதையெல்லாம் விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனா கை வேற சேதிக்கு ஓடுது. உங்க அப்பாவுக்குக் கொல்லு வேலை கிடைச்சிருச்சு. நாங்க இப்ப பூனாகலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இல்லை, தெமோதரையில் ரயில் பாதை போடுற இடத்தில் இருக்கோம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் ஏத்துற மண்டபம் கேம்பில் என்ன வேலை தெரியும்னு கேட்டப்போ, கொல்லன்னு சொன்னா திருப்பி அனுப்பிருவாங்களோன்னு பயந்து அப்பா தோட்ட வேலைன்னு சொல்லிட்டாங்க, உனக்குத் தெரியும். அன்னையிலிருந்து தேயிலைக்குத் தண்ணி வடியக் கான் வெட்டுறதும், செடியைக் குறைச்சுக் கவ்வாத்து வெட்டுறதும்தான். போன மாசம் பதுளைக்குக் கோயிலுக்குப் போன இடத்தில், ஸலீம் நானான்னு ஒரு முஸ்லிம் பெரியவருடைய இரும்புக் கடையில் ஒரு உளியை எடுத்துச் சுண்டிப் பார்த்து, இது பதம் தப்பினதுன்னு அப்பா வாய் தவறிச் சொல்லிட்டாங்க. அந்த நானா கோபப்படலை. நீங்க கொல்லரா, அப்ப ஏன் தோட்டத்தில் கிடக்கிறீங்க, தெமோதரையில் மலையைக் குடையிறாங்க, அந்தப் பாறை உளியை எல்லாம் மழுக்கிப் போடுது, பதம் வைக்கத் தெரிஞ்ச ஆளைத் தேடுறாங்கன்னு சொன்னார். அன்னைக்கு லயத்துக்கு வந்து அப்பா சாப்பிடவே இல்லை.

ரெண்டு நாள் பேர் விழாம கூலி போனாலும் போகட்டும்னு நாந்தான் கிளப்பினேன். மழையில் நடந்து வந்து சேர்ந்தோம். இங்கே ஓவர்சியர் ஜெயராசான்னு யாழ்ப்பாணத்துக்காரர். ஆரிட்டை வேலை செய்தனீர், கடதாசி இருக்கோன்னு கேட்டார். கடுதாசி இல்லைங்க, ஒரு உளி கொடுங்க, அடிச்சுக் காட்டுறேன்னு அப்பா சொன்னாங்க. துருத்தி இழுக்கிற ஆள் அன்னைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தான், நான் முந்தானையைச் செருகிக்கிட்டு உட்கார்ந்தேன். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும்னு இழுத்தேன். அப்பா உளியைக் காய்ச்சி, முனை அடிச்சு, தொட்டியில் முக்கி எடுத்துக் கொடுத்தாங்க. பாறையில் வச்சு நாலு அடிதான், முனை சில்லுச் சில்லாத் தெறிச்சிருச்சு. இதுக்கோ இவ்வளவு தூரம் நடந்து வந்தனீங்கள்னு ஓவர்சியர் கேட்டார். அப்பா முகத்தை என்னால பார்க்க முடியலை மகனே. கரிக் கையைக் கழுவலாம்னு தொட்டியில் விட்டேன், விரலெல்லாம் மரத்துப் போச்சு. ஏங்க, இது நம்ம ஊர்த் தண்ணி மாதிரி இல்லைங்க, இந்தக் குளிர் இரும்பு தாங்குமான்னு கேட்டேன். அப்பா என்னைப் பார்த்தாங்க, கிடந்த இரும்புத் துண்டைச் சிவக்கக் காய்ச்சித் தொட்டிக்குள்ளே மூணு தடவை முக்கித் தண்ணியோட குளிரை எடுத்தாங்க. ஓவர்சியரிடம் போய் இன்னொரு உளி கேட்டு வாங்கினாங்க. இந்தத் தடவை காய்ச்சி அடிச்ச முனையை மட்டும் முக்கி எடுத்துத் தேய்ச்சு, மேல இருக்கிற சூட்டில் நிறம் ஏறி வைக்கோல் மஞ்சளுக்கு வர்ற வரைக்கும் மூச்சை அடக்கிக்கிட்டுப் பார்த்து நின்னு, அப்புறம் முழுசா முக்கினாங்க. ரெண்டு ஆள் மாத்தி மாத்தி அடிச்சாங்க, ஒரு சாண் ஆழம் போச்சு, முனை போட்டது போட்டபடி இருந்துச்சு. ஓவர்சியர் கட்டைவிரலால தடவிப் பார்த்தார். உள்ளே போய் இன்னும் ஒன்பது உளி கொண்டு வந்து போட்டார். சாயங்காலம் துரை வந்து பார்த்துட்டு இங்கிலீஷில் என்னமோ சொன்னார், உடனே வேலைக்கு வரட்டாம்னு ஓவர்சியர் சொன்னார். தோட்டத்தில் கங்காணியைப் பிடிச்சு, கணக்குத் தீர்த்து விடுற பத்துச்சீட்டு வாங்கிக்கிட்டு, சட்டி பானையோட வந்துட்டோம். துருத்திக்கு என் பேரையும் பதிஞ்சிருக்காங்க. தோள் வலி உயிர் போகுது, பொறி பட்டுச் சேலையெல்லாம் ஓட்டை, ஆனாலும் காலையில் எப்போ விடியும்னு இருக்கு. அப்பா உலைக்கு முன்னாடி நின்னா பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்காங்க.

மூட்டை தூக்குறதுதான் நமக்கு விதிச்சதுன்னு போன கடுதாசியில் எழுதியிருந்தே. அதைப் படிச்சு நான் அழுதது உங்க அப்பாவுக்குத் தெரியாது. அரிசி ஆலையில் மூட்டை தூக்க வேற ஆள் இருக்கான், நீ அப்பாகிட்ட சுத்தியல் பிடிச்சுப் பழகின பிள்ளை. ரங்கூனில் படகு பழுது பார்க்கிற பட்டறை எத்தனையோ இருக்கும், ஒவ்வொண்ணாப் போய் நில்லு. வேலை இருக்கான்னு கேட்காதே, ஒரு இரும்பு கொடுங்கன்னு கேளு. முதல்ல கொடுத்தது தெறிச்சாலும் வெளியே வந்துடாதே, அந்த ஊர்க் கரி எப்படி, தண்ணி எப்படின்னு கை வச்சுப் பாரு. ஈரத் துணியோட தூங்காதே, வாரம் ஒரு தடவையாவது எண்ணெய் தேய்ச்சுக் குளி.

நீ தொட்டதெல்லாம் நல்லபடியா அமையணும், நீண்ட ஆயுசோட இருக்கணும்னு அப்பாவும் நானும் ஆசீர்வாதம் பண்றோம். மறக்காம இந்த விலாசத்துக்கே பதில் போடு, பூனாகலைக்குப் போட்டா வந்து சேராது. பதிலில் மூட்டைக் கதை எழுத வேண்டாம், எந்தெந்தப் பட்டறை வாசலில் போய் நின்னே, என்ன சொன்னாங்கன்னு எழுது.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கும் அம்மா
விசாலாட்சி
உலைக் கொட்டகை, ரயில் பாதை வேலைத்தளம், தெமோதரை