பிஸ்கட் டின்னில் வந்த குளிசைகள்

ராத்தா,

உங்கள் பிஸ்கட் டின் என் மேசையில் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் தைலமும் குளிசையும் கலந்த அந்த வாசம். நீங்களே என் பாமசி வாசலில் மருந்து வாங்க வந்து நிற்பது போல இருந்தது. நீங்கள் போய் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் உங்கள் மகள் கொண்டுவந்தார். எறிய மனமில்லையாம். நீங்களும் ஒரு குளிசையைக்கூட எறிந்தவரில்லை. பாதி உடைத்ததுகூட உள்ளே கிடக்கிறது.

கணவர் மௌத்தாகி நீங்கள் தனித்த புதிதில் சில கிழமைக்கென்று தந்த நித்திரைக் குளிசையை வருடக்கணக்காகக் குடித்தீர்கள். அதனால் காலையில் தலைச்சுற்று. தலைச்சுற்றுக்கு இன்னொரு டொக்டரிடம் இன்னொரு குளிசை. அது கையை நடுங்க வைத்தது. இங்கே கரைத்தீவில் பாதிப் பேருக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்த கைக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனது. எனக்கு எல்லாம் விளங்கியது. எழுதுவது டொக்டர், எடுத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை என்று இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஒருநாள் மருந்துப் பையின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் நீங்கள் நின்றபோதுதான் கேட்டேன்: "இந்த ரெண்டையும் கொறைக்க ஏலுமாண்டு டொக்டர்ட்ட கேப்பமா?"

உங்கள் முகம் போன போக்கு! "தொண்ணூறுல இயக்கக்காரங்க வந்து மன்னார்ல எல்லாத்தையும் வுட்டுட்டு வெளிக்கிடுங்கண்டாங்க, வெளிக்கிட்டோம். இப்ப குளிசையையும் வுடவா தம்பி? ஒரேயடியா மௌத்தாகச் செல்லுங்களன்."

ஒரு மாதம் இந்தப் பக்கமே வரவில்லை. பிறகு வந்து பையை என் முன்னால் போட்டீர்கள். கையில் நடுக்கத்தில் சுடுதேத்தண்ணீர் கொட்டிய காயம். "எது எதுக்கெண்டு செல்லுங்க" என்றீர்கள்.

உங்கள் முதல் டொக்டருக்குக் கடிதம் எழுதினேன். முதலில் அவருக்கும் கோபம். பிறகு உங்களைக் கூப்பிட்டுப் பார்த்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நித்திரையில்லாத அந்த நாட்களில் நீங்கள் ஏசிய ஏச்சுக்கு வேறொருவர் என்றால் பாமசியைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார். நடுக்கம் நின்றதும் ஊசியும் நூலுமாக வந்து, என் கண் முன்னாலேயே கோர்த்துக் காட்டினீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்களைக் கொண்டுபோனது இருதய வருத்தம். இருதயத்துக்கான குளிசைகளில் டொக்டர் கையே வைக்கவில்லை. என்றாலும் உங்கள் மையத்து கிடந்த வீட்டிலேயே கதை கிளம்பிவிட்டது: "பாமசிக்காரர்ட பேச்சக் கேட்டு மருந்த நிப்பாட்டித்தான் போய்ட்டா."

அதன்பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டொக்டர் எழுதிய துண்டைப் பார்த்தேன், எடுத்துக் கொடுத்தேன். பழையபடி வாய் மூடிக்கொண்டது.

டின்னை வைத்துவிட்டுத் திரும்பும்போது உங்கள் மகள் சொன்னார்: "கடசிக் கெழமையும் பேத்திட சட்டைக்கு உம்மாதான் நூல் கோத்தா. அத ஆரும் கதைக்க மாட்டாங்க."

நான் கதைப்பேன் ராத்தா. உங்கள் பெயரைச் சொல்லியே கதைப்பேன்.

இன்று காலை பள்ளிவாசல்துறையிலிருந்து மீன்பிடிக்காரர் ஒருவர் வந்தார். பை நிறையக் குளிசை, நடையில் தள்ளாட்டம். கதிரையை இழுத்துப் போட்டேன்.

"காக்கா, இதெல்லாம் எதுக்குக் குடிக்கிறீங்க?"

"நீங்க என்ன டொக்டரா?"

"இல்ல. டொக்டருக்கு எழுதப் போறவன். உக்காருங்க."

முறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். போகட்டும். உங்களுக்கும் ஒரு மாதம் எடுத்தது. கதிரை அங்கேயே கிடக்கும்.