நந்தியாவட்டைப் புழுக்கள்

22 ஒக்டோபர், புதன்
மழை. அக்காவுக்குக் கந்தசஷ்டி விரதம் தொடக்கம். பின்பக்கக் கண்ணாடி அறையில் அவளுடைய நந்தியாவட்டை. பாதி இலை இல்லை. பச்சைப் புழுக்கள், விரல் தடிப்பு. யாரோ கொழும்பிலிருந்து பையில் ஒளித்து இந்தக் குளிர் நாட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த கொப்பில் முட்டையாக வந்திருக்க வேண்டும். அலரியும் நந்தியாவட்டையும் தின்று பெரிய பச்சை விட்டிலாகும் இனம். பல்கலைக்கழகத்தில் ஊசியில் குத்தி வைத்ததைத்தான் பார்த்திருக்கிறேன். உயிரோடு பார்த்ததில்லை.

அக்கா: "திங்கள் சூரன்போருக்கு இந்தப் பூத்தான் நேர்ந்தனான். விரதத்தோட கொல்ல ஏலாது. நீ ஒண்டையும் நம்பாத ஆள், உனக்கென்ன பாவம்? வெட்டு."

திங்கள்தான் சுதனுக்குத் தீர்ப்பும். அவள் மகன். பப்பில் ஒருவனுடைய தாடையை உடைத்தவன். அந்தத் தாடைக்கு யாரும் பூ நேர்ந்ததாகத் தெரியவில்லை.

23, வியாழன்
வேலையால் வந்ததும் கத்தரிக்கோல். வெட்டினால் புழுவில் பச்சை, செடியில் பால். தொட்டால் தலையை உள்ளே இழுத்து, இரண்டு நீலக் கண்களைக் காட்டி மிரட்டுகிறது. பொய்க் கண்கள். அவற்றுக்குப் பின்னால் வெட்டுவது சுலபம். கை பழகிவிட்டது. பிடிக்கவில்லை. பொய். கொஞ்சம் பிடித்தது.

வாங்க: பால், பல்ப், மூடியுள்ள வாளி.

25, சனி
மிச்சத்தை வெட்டும்போது சுதன் வந்தான். வாளியைப் பார்த்து வெளிறிப்போனான்.
"ஸ்டொப், சின்னம்மா! அது உங்களுக்கு என்ன செய்தது?"
"அந்த ஆள் உனக்கு என்ன செய்தவன்?"
வாளியின் மூடியை எடுத்து மூடினான். "ஒண்டையாவது விடுங்கோ."
கடைசிப் புழு கருத்திருந்தது, கூட்டுப்புழுவாகும் நேரம். போத்தலில் மண் போட்டு விட்டேன். என் அறை அலமாரியில். அக்காவுக்குத் தெரியாது.

27, திங்கள்
குளிர். காலை இரண்டு பூ. அக்கா பறித்துக் கோயிலில் வைத்துவிட்டுத்தான் கோர்ட்டுக்கு வந்தாள்.

சிறை. அங்கிருந்தே கொண்டுபோனார்கள். சுதன் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

பின்னேரம் தலையிடிக் குளிசை தேடி என் அறைக்கு வந்தவள் போத்தலைக் கண்டாள்.
"ஒண்டை விட்டு வைச்சிருக்கிறாய்! அதுதானடி, அதுதான் என்ர பிள்ளை..."
போத்தலை நிலத்தில் அடித்தாள். கண்ணாடித் துண்டுகளுக்குள் அது நெளிந்தது. என் சப்பாத்தை எடுத்து அடித்தாள். செத்த பிறகும் அடித்தாள். கம்பளத்தில் கறை மட்டும் மிஞ்சும்வரை. விரதம் இன்னும் முடியவில்லை.

அதை விடச் சொன்னது சுதன் என்று நான் சொல்லவில்லை.