இன்ஸ்பெக்டர் சாரின் சிக்ஸர்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று முதல் நான் இளைஞர்களின் தோழி. இன்ஸ்பெக்டர் சார் காலையில் அணிவகுப்பிலேயே அறிவித்துவிட்டார். ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் ஏரியாப் பையன்களோடு பழக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். "ஐரின், நீ விவேக் நகர்லயே பொறந்தவ, தமிழ் வேற. நீயே நோட்கோம்மா." அவருக்குக் கன்னடம் பாதி, தமிழ் பாதி; நோட்கோ என்றால் பார்த்துக்கொள். இத்தனை வருடமாகப் பையன்களை விரட்டத்தான் எனக்குச் சம்பளம். பழகுவது எப்படி என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

குழந்தை இயேசு கோயிலில் நவநாள் கூட்டம். நாள் முழுக்க ஆட்டோக்காரர்களோடு கத்தித் தொண்டை போய்விட்டது. சனிக்கிழமை ஸ்டேஷனில் வைத்திருக்கும் இளைஞர் கூட்டத்துக்குப் பையன்களை அழைக்கும் வேலையைக் கான்ஸ்டபிள் மதலைமுத்து அண்ணனிடம் விட்டேன். வீடு வீடாக போன் போட்டுவிடுகிறேன் என்றார். அப்பாடா.

பிப்ரவரி 8, சனி

மானம் போயிற்று.

அண்ணன் போனில் என்ன சொன்னார் என்று கேட்டேன். திருப்பிச் சொல்லிக் காட்டினார்: "ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம். உங்க பையனை சனிக்கிழமை காலைல அனுப்பி வைங்க." அவ்வளவுதான். வேறு விதமாக அழைக்க அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியுமா? நான் பேசியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

பையன் ஒருவன்கூட வரவில்லை. அம்மாக்கள் வந்தார்கள். அவர்களோடு ஒரு வக்கீல், பங்குச் சாமியார். ஒருவனைக் கோலார் தங்கவயலில் அத்தை வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார்களாம். இன்னொருவனுக்கு முன்ஜாமீன் மனுவே தயார். எங்கள் பழைய தெருவின் அல்போன்சா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஐரினு, என் கிளெமென்ட் இன்னா பண்ணான்? சொல்லிடும்மா, நானே ஒதைக்கிறேன்."

"ஒன்னும் பண்ணலக்கா. சமோசா சாப்பிடத்தான் கூப்பிட்டோம்."

யாரும் நம்பவில்லை. ஃபாதர் மட்டும் மரியாதைக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். வக்கீல் பார்சல் கேட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசையில் எல்லாரும் பலிபீடத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள்.

பிப்ரவரி 12, புதன்

யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு சுடிதாரில் பேக்கரிப் பக்கம் போனேன். பையன்கள் கலைவதற்குள் நாலு டீ சொல்லிவிட்டேன். கிளெமென்ட்தான் வாயைத் திறந்தான். பகலில் சாப்பாடு டெலிவரி, சாயங்காலம் தெருவில் பந்துவீச்சு, அதுதான் அவன் பிழைப்பு.

"கூட்டம்லாம் வேணாம் மேடம். எங்க கிரவுண்டைத் திருப்பிக் குடுங்க, போதும்."

ஸ்டேஷனை ஒட்டிய மைதானத்தைச் சொல்கிறான். நாங்கள் பறிமுதல் செய்த வண்டிகளைப் போட்டுப் போட்டு, இப்போது ஆட்டோக்கள் மேல் கொடி படர்ந்து பூவே பூக்கிறது. அதனால்தான் தெருவில் ஆடுகிறார்கள். ஜன்னல் உடைகிறது. ஜன்னல்காரர் எங்களிடம் வருகிறார். நாங்கள் போய் விரட்டுகிறோம்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல்? பதில் இல்லாத கேள்வி கேட்டால் போலீஸுக்குக் கோபம்தானே வரும். அந்த வேகத்தில் வாயை விட்டுவிட்டேன்: "கிரவுண்டு உங்களுக்குத்தான். நான் பொறுப்பு."

ஒரு ஏட்டம்மாவுக்கு இந்தப் பேச்சு தேவையா?

பிப்ரவரி 14, வெள்ளி

போலீசுக்கும் இளைஞர்களுக்கும் கிரிக்கெட் மேட்ச், டி.சி.பி. தலைமை என்று சாரிடம் சொன்னேன். டி.சி.பி. என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சூப்பர் ஐடியா! எந்த கிரவுண்டும்மா?" ஜன்னலைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அங்கே மைதானம் இருப்பது அவருக்கே புதுச் செய்தி.

பிப்ரவரி 21, வெள்ளி

ஒரு வாரமாக வண்டி தள்ளும் வேலை. சிலது ஊருக்கு வெளியே யார்டுக்கு, மீதி ஸ்டேஷன் பின்னால். பையன்களும் வந்து தள்ளினார்கள். ஒரு ஸ்கூட்டர் முன்னால் கிளெமென்ட் நின்றுவிட்டான்.

"மேடம், இது எங்க மாமா வண்டி! திருடு போச்சுன்னு இங்கதான கம்ப்ளெயிண்ட் குடுத்தோம்!"

"கெடச்சிருச்சு இல்ல?" என்றார் மதலைமுத்து அண்ணன், வெட்கமே இல்லாமல்.

சிரித்து முடிப்பதற்குள் சார் கூப்பிட்டார். வேறு இடம் இல்லாததால், மேட்ச் முடிந்ததும் திங்கட்கிழமை எல்லா வண்டியையும் பழையபடி நிறுத்தவேண்டுமாம். "ஜாகா இல்லம்மா, என்ன மாடோது?"

நான் கொடுத்த வாக்கு?

பிப்ரவரி 22, சனி

கிளெமென்ட்டிடம் சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். "பாத்துக்கலாம் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் பையன்களோடு குசுகுசுவென்று பேசினான். எனக்கு அதுதான் பயம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தெருவில் ஸ்டம்பைப் பறக்கவிடுகிற கிளெமென்ட், இன்று சாருக்குக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோலப் பந்து போட்டான். சார் ஒன்றைத் தூக்கிக் காம்பவுண்டுக்கு வெளியே அடித்தார். சிக்ஸர்! லட்டு மாதிரி வந்த கேட்சையெல்லாம் பையன்கள் கீழே விட்டார்கள். நாங்கள் ஜெயித்தோம். ஆட்டநாயகன் சார்தான், டி.சி.பி. கையால் கப்.

இத்தனை பாடுபட்டதும் இவர்கள் எங்களைப் பார்த்து நடுங்குவதற்கா? கிளெமென்ட்டை ஓரமாக இழுத்தேன்.

"ஏன்டா, பயந்துட்டியா?"

"பயமா? தோத்துட்டா அவர் இந்தப் பக்கமே வரமாட்டாருக்கா. ஜெயிச்சிட்டாரு இல்ல, இனிமே தெனம் வருவாரு பாரு."

மேடம் போய் அக்கா வந்திருப்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

சார் நாள் முழுக்கக் கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டிகளைப் பற்றி அவர் பேசவில்லை. நானா ஞாபகப்படுத்துவேன்?

மார்ச் 1, சனி

காலையில் மைதானத்தில் சார், புது பேட்டோடு. மதலைமுத்து அண்ணன் பிடித்து வந்த பைக்கை வழக்கமான இடத்தில் நிறுத்தப் போனார். சார் பேட்டை ஓங்கிக்கொண்டு ஓடினார். "ஏய்! பிச் மேல வண்டியா? தலை கெட்டிதேயா? எடுய்யா!" எங்கே வைப்பது என்று அண்ணன் கேட்டார். "உன் வீட்ல வெய்யி!"

என்னை அம்பயராக நிறுத்தினார்கள். கிளெமென்ட் இன்று ஊட்டவில்லை. நிஜமாகவே போட்டான். இரண்டாவது பந்திலேயே சாரின் நடு ஸ்டம்ப் சாய்ந்தது.

"நோ பால்!" என்றார் சார்.

"அவுட்டு சார்! அவுட்டு!" பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். ஒருவன்கூடப் பின்வாங்கவில்லை. சார் என்னைப் பார்த்தார். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினேன்.

சார் என்னை முறைத்தார். பிறகு பேட்டைக் கிளெமென்ட் கையில் திணித்துவிட்டு, "பால் குடுடா" என்றார்.