மினுங்காத திரை

இன்று காலை இறக்கக்கண்டியிலிருந்து ஒருவர் படகில் வழி காட்டும் மின்திரை ஒன்றைத் திருத்த என்னிடம் கொண்டுவந்தார். மின் ஆளியைப் போட்டதும் படம் விட்டுவிட்டு மினுங்கியது. நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த மினுக்கம் என்னை ஒன்றும் செய்யாது. உன்னைத்தான் செய்யும்.

இப்படியொரு திரைக்குத்தான், துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேலைபார்த்த கந்தோரில் நாமிருவரும் சேர்ந்து கணினி நிரல் எழுதினோம். படகு நகர நகரத் திரையில் கடல் வரைபடம் உருள வேண்டும். முதலில் எழுதியபோது, படம் வரையும் கிராபிக்ஸ் லைப்ரரி ஒவ்வொரு அசைவுக்கும் படத்தைக் கண்ணெதிரே அழித்து அழித்து வரைந்தது. அந்த மினுக்கத்தைப் பார்த்து உனக்கு வலிப்பு வந்தது. முதலாளி உட்பட எல்லோரும் பார்த்தோம்.

மறுவாரமே நீ டபுள் பஃபரிங் எழுதினாய். நினைவகத்தில் மறைவாக முழுப் படத்தையும் வரைந்து, ஒரே மாற்றில் திரைக்குக் கொண்டுவந்தாய். "ஒளிச்சுக் கீறு, முடிஞ்ச பிறகு காட்டு" என்பாய். உருளும்போது பழைய படத்தைத் தள்ளிவிட்டு, புதிதாகத் தெரியும் ஓரத்தை மட்டும் வரைந்தாய். கடல் வழுக்கிக்கொண்டு போனது. நீ சிரித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாய்.

வாங்க வருபவர்களுக்குக் காட்டும் நாள் வந்தது. கருவி பழையது, நினைவகம் போதவில்லை என்று முதலாளி அந்த மறைவுப் படத்தை நீக்கிவிட்டார். திரை மறுபடி மினுங்கியது.

"சேர், இதுக்கு முன்னாலை என்னால இருக்க ஏலாது."

"எழுதினது நீர். நீர்தான் காட்ட வேணும். ஏலாதெண்டால் நாளைக்கு வராதையும்."

நான் காட்டுகிறேன் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. ஒற்றைக் கண்ணைப் பொத்தினால் சமாளிக்கலாம் என்று நீ போய் அமர்ந்தாய். வந்தவர்களின் முன்னால் அவர் குனிந்து சொன்னார்: "கையை எடும். ஆக்கள் என்ன நினைப்பினம்?"

நீ கையை எடுத்தாய்.

விழுந்தபோது மேசை விளிம்பில் தலை அடித்தது. நீ நிலத்தில் துடித்துக்கொண்டிருக்க, அவர் திரையை மறுபக்கம் திருப்பி, "இஞ்சாலை பாருங்கோ" என்று வரைபடத்தை உருட்டிக் காட்டினார். ஓட்டோவில் என் மடியில் உனக்கு நினைவு வந்தது. "நோகுது, நோகுது" என்று ஆசுபத்திரி வாசல்வரை அழுதாய். பிறகு அழவில்லை.

செத்த வீட்டில் அவர், "வலிப்பு வருத்தத்தை மறைச்சு வேலைக்கு வந்த பிள்ளை" என்று எல்லோருக்கும் சொன்னார்.

"மறைக்கேல்லை. உங்களுக்குத் தெரியும்" என்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் அம்மா இப்போதும் பாலையூற்றில்தான் இருக்கிறார். போகும்போதெல்லாம் கேட்கிறார்: "பிள்ளை, நீதானே கூட இருந்தனி. அவளுக்கு நொந்ததோ?"

"இல்லை அம்மா. நித்திரை மாதிரித்தான் போனவள்" என்கிறேன், நீ அன்று வலியில் என் கையைக் கடித்த தழும்பைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டு.