ஆலாத்தித் தட்டு

ஞாயிறு, ஆகஸ்ட் 17

நான் வழிகாட்டியாக இருக்கும் அரண்மனைக்கு இன்று வதனி வந்திருந்தாள். என் தம்பியின் மனைவி. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பராமரிக்க எங்கள் வீட்டுக்குச் சம்பளத்துக்கு வந்தவள். தம்பி அவளையே கட்டிக்கொண்டான்.

சுற்றுலாக் குழுவுக்கு ஜெர்மன் மொழியில் வழக்கமான கதையைச் சொன்னேன். இளவரசர் தன் தாயின் பணித்தோழியை மணந்தார். குலம் குறைந்தவள் என்பதால் கலியாணத்தில் அவளுக்கு இடது கையைத்தான் நீட்டினார். அவளுக்குப் பட்டம் இல்லை, பிள்ளைகளுக்கு அரியணை இல்லை. அரச விருந்தில் அவளுக்கு நாற்காலியும் கிடையாது. அந்த இடத்தில் நான் எப்போதும் குரலைத் தாழ்த்துவேன். இன்றும் தாழ்த்தினேன். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

வாசலில் வதனி கேட்டாள்.

"விருந்து நடக்கேக்கை அவா எங்கை நிண்டிருப்பா, மச்சாள்?"

"தெரியேல்லை" என்றேன்.

பொய். போன மாதம் என் மகளின் கலியாணத்தில் மணமக்களுக்கு ஆலாத்தி எடுத்திருக்க வேண்டியவள், தாய்மாமன் மனைவியான இவள்தான். சம்பந்தி வீட்டார் இவளைப் பற்றி விசாரிப்பார்களோ என்று பயந்தேன். தட்டைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு இவளைக் கூப்பிட்டேன்.

"வதனி, பாயாசம் அடிப்பிடிக்குது போல. ஒருக்கால் போய்ப் பாருமன்."

"ஓம் மச்சாள்" என்று பட்டுச்சேலையோடு மண்டபத்துச் சமையலறைக்கு ஓடினாள்.

அடுப்பை நான்தான் முன்னமே அணைத்திருந்தேன். அதை அவள் பார்த்திருப்பாள். ஆனாலும் ஆலாத்தி எடுத்து முடியும்வரை அவள் வெளியே வரவில்லை.