ஏழாவது வேட்டு

யூலை 7, திங்கள்
தென்மேற்குக் கச்சான் காற்று. புழுதி. கண்ணாடி துடைத்ததே காலை வேலை. இருபது வருடம் மூடிக் கிடந்த கல்லுக்குவாரி வியாழன் திறக்கிறதாம். குழித் தண்ணீரை இறைத்துவிட்டார்கள். குளம் என்று நம்பியிருந்த கொக்குகள் வரம்பில் நிற்கின்றன. இடம்பெயர்ந்தோர் விண்ணப்பப் படிவம் இன்னும் கிடைக்கவில்லைப் போலும்.
மருமகன் சிவாவுக்கு அங்கே வேலை. மகள் பாயாசம் காய்ச்சினாள். நல்ல பாயாசம். பாதியில் வைத்துவிட்டேன்.

யூலை 8, செவ்வாய்
குவாரி முகாமையாளர் வந்தார். வேட்டு எண்ண ஆள் வேண்டுமாம். வெடிமருந்து வைத்த ஏழு குழிக்குத் திரி கொளுத்தினால் ஏழு வெடி கேட்க வேண்டும். எண்ணுபவர் பச்சைக் கொடி காட்டினால்தான் ஆட்கள் உள்ளே இறங்கலாம். ஊரில் அந்த அனுபவம் எனக்கு மட்டும். அதில் இரண்டு பேர் செத்ததையும் தகைமையாகவே எடுத்துக்கொண்டார்.
"ஐயாவுக்குக் காது கேக்குமோ?"
"கேக்கும்."
இடது காதைப் பற்றித் தனியாகக் கேட்கவில்லை. மறுத்தால் வேறொருவன் எண்ணுவான். இறங்கப்போவது சிவா.

யூலை 9, புதன்
வெயில்.
இருபது வருடத்துக்கு முன் அன்று ஆறு வெடி தெளிவாகக் கேட்டது. ஏழாவது, எதிர்ப்பாறை திருப்பியனுப்பிய சத்தமாகவும் இருக்கலாம். தேத்தண்ணி நேரம். கொடி காட்டினேன். வேலுவும் அவன் தம்பியும் இறங்கினார்கள். பிறகுதான் ஏழாவது வெடித்தது. திரி ஈரம் என்று விசாரணையில் முடிவு. நானும் ஓம் என்றேன்.
வேலுவின் மனைவி பரமேசு அக்கா வருடாவருடம் குழியடியில் விளக்கு வைக்கிறா. எண்ணெய் என் உபயம். நாளை வேலையாட்களுக்குத் தேத்தண்ணி போடப்போவதும் அவாதான்.

யூலை 10, வியாழன்
காலை பதினொன்று. ஏழு திரி. கொடிக்கம்பு வியர்வையில் வழுக்கியது. ஒன்று, இரண்டு... ஆறு. பிறகு இன்னொன்று. வேட்டா, பாறையா?
சிவா ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டான். "மாமா, ஏழு. கொடியைக் காட்டுங்கோ."
"ஆறு."
எல்லாருக்கும் ஏழு கேட்டதாம். கிழவருக்குக் காது அடைச்சுப்போச்சு என்று பின்னால் ஒரு குரல். முகாமையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். சிவா மற்றக் காலையும் வைத்தான்.
"அண்டைக்கும் எனக்கு ஏழாவது வடிவாத் தெரியேல்லை," என்றேன். "தெரியும் எண்டு கொடி காட்டினனான்."
பரமேசு அக்கா தேத்தண்ணிக் கேத்திலைக் கீழே வைத்தா.
சிவா ஏறி வந்தான்.
ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். ஒன்றும் வெடிக்கவில்லை. ஏழாகத்தான் இருந்திருக்கும்.
அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தா. எனக்கும். என்னுடையதில் மட்டும் சீனி போடவில்லை. நான் கேட்கவில்லை. குடித்து முடித்தேன்.